நம்ம ஆள்தான், ஆனா யார் தேர்ந்தெடுத்த ஆள்?

(நெய்வேலி நகரியத்தில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டித் தொழிலாளர்கள் நடத்திய அரங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தேர்தல் அரசியலும் தலித் மக்களும்’. மேடையில இருக்கிற மத்தவங்க மாதிரி எனக்குப் படிப்பு கிடையாது. முப்பது வருசம் ஷிப்டு பார்த்தவன். ஆனால் ஒரு விசயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நாலு தேர்தலில் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்திருக்கிறேன். சாவடிக்குள்ளே ஒரு பெஞ்சு போட்டிருப்பாங்களே, அந்த பெஞ்சில் இருந்து என்ன தெரிந்ததோ அதைத்தான் பேசப் போகிறேன்.

1999 செப்டம்பர். சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதி. அதுவரை தேர்தலையே புறக்கணிக்க வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருந்த விடுதலைச் சிறுத்தைகள் முதல்முறையாகத் தேர்தலுக்கு வந்த நேரம். மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசோடு கூட்டணி. திருமாவளவன் சைக்கிள் சின்னத்தில் நின்றார். என் பெயர் அப்போது எங்கள் ஊர்ப் பட்டியலில்தான் இருந்தது. லீவு போட்டுட்டுப் போய் முகவரா உக்காந்தேன்.

ஊர் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கும் அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தொந்தரவு. சாவடி ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில். எங்கம்மா காலையிலேயே குளிச்சுட்டு, இருந்ததில நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு, சேரியிலிருந்து மத்த பொம்பளைங்களோட நடந்து வந்தாங்க. ஒன்பது மணிக்கு மேல் அவர்கள் முறை வந்தது. பட்டியலைப் பார்த்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “உன் ஓட்டு போட்டாச்சு, போ.”

அம்மா விரலைக் காட்டினார்கள். மை இல்லை. “நான் இப்பதானே வரேன், எப்படிப் போட்டுருப்பேன்?” என்று கேட்டார்கள். “போட்டாச்சுன்னா போட்டாச்சுதான்.”

நான் முகவர். அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தேன். என்னைச் சுற்றி நாலு பேர் எழுந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால், தான் யார் என்று நிரூபித்துத் தனிச் சீட்டு வாங்கி ஓட்டுப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தச் சீட்டைப் பெட்டியில் போடாமல் தனி உறையில் வைக்க வேண்டும். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம். தெரியாமல் போனது ஒரு தோல்வி. பயந்து உட்கார்ந்தது இன்னொரு தோல்வி. ரெண்டையும் ஒத்துக்கிட்டுத்தான் இந்த மைக் முன்னாடி நிக்கிறேன்.

அந்தத் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் பல சேரிகள் தாக்கப்பட்டன. குடிசைகள் எரிந்தன. அப்படியும் திருமாவளவன் சுமார் இரண்டே கால் லட்சம் ஓட்டு வாங்கினார். தோற்றார். பாட்டாளி மக்கள் கட்சியின் பொன்னுசாமி ஜெயித்தார். அவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்தான். தனித்தொகுதியில் வேறு யாரும் நிற்கவே முடியாது.

இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. நின்றவர்கள் எல்லாரும் நம்ம ஆள். யார் ஜெயித்தாலும் நம்ம ஆள். அப்படியென்றால் எதுக்குக் குடிசையை எரிச்சான்? யாரை எதுத்து எரிச்சான்?

பதில் ரொம்ப எளிது. எந்த நம்ம ஆள் என்பதுதான் சண்டை. அதை யார் தீர்மானிப்பது என்பதுதான் சண்டை.

நெய்வேலித் தொழிலாளிக்கு இதைப் புரிய வைக்க அதிக நேரம் தேவையில்லை. இங்கே சங்க அங்கீகாரத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். வட்டம் வட்டமாகப் போய் ஓட்டுக் கேட்போம். நிர்வாகத்தோடு எந்தச் சங்கம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நிரந்தரத் தொழிலாளி ஓட்டுப் போட்டு முடிவு செய்வான். அந்தப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இல்லை என்பது தனிக்கதை. அதை இன்னொரு நாள் பேசலாம். இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். சங்கத் தலைவர் பதவிக்குத் தொழிலாளி மட்டும்தான் நிற்கலாம், ஆனால் அதிகாரிகள், காண்ட்ராக்டர்கள் எல்லாரும் ஓட்டுப் போடலாம் என்று ஒரு விதி வந்தால் என்ன ஆகும்? அதிகாரிகளின் எண்ணிக்கை தொழிலாளிகளைவிட மூணு மடங்கு என்றும் வைத்துக் கொள்ளுங்கள்.

ஜெயிக்கிறவன் தொழிலாளிதான். காக்கிச்சட்டைதான் போட்டிருப்பான். ஆனால் நல்லாச் சண்டை போடுகிற தொழிலாளி ஜெயிப்பானா, அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுக்கிற தொழிலாளி ஜெயிப்பானா?

இதுதான் தோழர்களே தனித்தொகுதி.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர். சட்டமன்றத்தில் 234 இடத்தில் 44 தனித்தொகுதி. நாடாளுமன்றத்துக்கு 39இல் 7. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. யாரும் நம்மை எண்ணிக்கையில் ஏமாற்றவில்லை. ஆனால் எந்தத் தனித்தொகுதியை எடுத்தாலும் அங்கே நம்மைவிட மற்றவர்கள் ஓட்டு அதிகம். ஆள் நம்மவன், ஓட்டு ஊருடையது. அதனால் எல்லாப் பெரிய கட்சியும் வேட்பாளரைத் தேடும்போது, சேரி யாரை விரும்புகிறது என்று பார்ப்பதைவிட, ஊர் யாரை எதிர்க்காது என்றுதான் பார்க்கிறது. இது ஒரு கட்சியின் கெட்ட புத்தி மட்டும் இல்லை. கணக்கே அப்படித்தான் தள்ளுகிறது.

இந்தக் கணக்கு எங்கே எழுதப்பட்டது? புனாவில், எரவாடா சிறையில்.

வட்டமேசை மாநாடுகளுக்கு நம் சார்பில் போனவர்கள் இரண்டு பேர். புரட்சியாளர் அம்பேத்கர் ஒருவர். இன்னொருவர் நம்ம மண்ணின் இரட்டைமலை சீனிவாசன். அவர்கள் வாதாடிய பிறகு 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு வகுப்புத் தீர்ப்பை அறிவித்தார். மாகாண சபைகளில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு 71 இடம். அந்த இடங்களுக்கு நாம் மட்டுமே ஓட்டுப் போடுவோம். அதோடு பொதுத்தொகுதியிலும் நமக்கு இன்னொரு ஓட்டு. ரெட்டை ஓட்டு என்று நாம் சொல்வது இதைத்தான். நம்ம பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கவும் முடியும், ஊர்க்காரன் தன் பிரதிநிதிக்காக நம்ம வாசலில் வந்து நிற்கவும் வேண்டும்.

செப்டம்பர் 20இல் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 இடம் 148 ஆனது. தனி வாக்குரிமை போனது. இடம் ரெண்டு மடங்கு ஆச்சு, ஆனா சாவி கைமாறிடுச்சு.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை நாமே மறந்துவிட்டோம். முதல் சுற்றில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவரை இரண்டாவது சுற்றில் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு என்று வைத்திருந்தார்கள். அரசியல் சட்டம் வந்தபோது இந்த முதல் சுற்று இல்லாமலே போனது. வாசல்ல ஒரு தாழ்ப்பாளாவது இருந்துச்சு, அதையும் கழட்டிட்டாங்க.

அதன் பலனை முதலில் அனுபவித்தவர் யார்? அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரேதான். 1952 பொதுத்தேர்தலில் பம்பாயில் அம்பேத்கர் தோற்கடிக்கப்பட்டார். அவரைத் தோற்கடித்த கஜ்ரோல்கரும் தாழ்த்தப்பட்டவர்தான், காங்கிரசுக்காரர். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் அண்ணல் தோற்றார். 1955இல் அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பே சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித்தொகுதிகள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. தனித்தொகுதி அம்பேத்கர் போட்ட பிச்சை என்று பேசுகிற நம் ஆட்களும் இருக்கிறார்கள், அதைக் கொச்சைப்படுத்துகிற ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் இந்த 1955 தெரியாது.

இன்னொரு பழைய கதையும் சொல்கிறேன். 1952, 1957 தேர்தல்களில் பல இடங்களில் இரட்டை உறுப்பினர் தொகுதி இருந்தது. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி. ஒன்று பொது, ஒன்று நமக்கு. நம்ம மாவட்டத்து இளையபெருமாள் அய்யா 1952இல் கடலூரிலும் 1957இல் சிதம்பரத்திலும் இப்படித்தான் நாடாளுமன்றம் போனார். பின்னால் தீண்டாமை பற்றி ஆராய்ந்து 1969இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அவர்தான்.

இந்த முறையில் ஒரு விசேசம் இருந்தது. ஒதுக்கப்பட்ட வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு முதலில் தனி இடம் போகும். மிச்சம் இருக்கிற பொது இடம், மீதி எல்லாரிலும் யார் அதிகம் வாங்கினாரோ அவருக்கு. 1957இல் ஆந்திராவில் பார்வதிபுரம் தொகுதியில் என்ன நடந்தது தெரியுமா? இரண்டு இடத்தையுமே பழங்குடி வேட்பாளர்கள் பிடித்தார்கள். தோற்றவர் வி.வி.கிரி. பின்னால் குடியரசுத் தலைவரானாரே, அவரேதான். பொது இடம் பழங்குடிக்குப் போகக்கூடாது என்று உச்சநீதிமன்றம் வரை போனார். 1959இல் அங்கேயும் தோற்றார். 1961இல் சட்டம் போட்டு இரட்டை உறுப்பினர் தொகுதியையே ஒழித்துவிட்டார்கள். ஒழித்ததற்கு நிர்வாகக் காரணங்கள் சொன்னார்கள். பொது என்று பலகை மாட்டியிருக்கிற நாற்காலியில் நாம் உட்கார்ந்தால் எவ்வளவு சீக்கிரம் நாற்காலியின் டிசைன் மாறுகிறது என்பதை மட்டும் நீங்கள் கவனித்துக் கொள்ளுங்கள்.

‘தனி வாக்குரிமை கொடுத்தால் நாடு துண்டு துண்டாகிவிடும்’ என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். நியூசிலாந்து என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மண்ணின் மக்களான மாவோரிகளுக்கு 1867இல் நாலு தனித்தொகுதி கொடுத்தார்கள். இன்று ஏழு. அந்தத் தொகுதிகளில் மாவோரிப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள். ஒரு மாவோரி தன் பெயரை அந்தப் பட்டியலில் வைப்பதா, பொதுப் பட்டியலில் வைப்பதா என்று தானே முடிவு செய்து கொள்ளலாம். நூற்றைம்பது ஆண்டு தாண்டிவிட்டது. அந்த நாடு துண்டாகவில்லை. அங்கேயும் அநியாயம் இருக்கிறது, நிலத்தைப் பிடுங்கிய வரலாறு இருக்கிறது. தனித்தொகுதி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நாடு உடைந்துவிடும் என்ற பூச்சாண்டிக்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சரி, கையில் இருக்கிற விதிகளோடுதான் நாம் விளையாட வேண்டும். அதில் நாம் என்ன செய்தோம்? சிதம்பரத்தையே எடுத்துக் கொள்வோம். இருபத்தைந்து வருசப் பாடம் அங்கே இருக்கிறது.

1999இல் தோல்வி என்று சொன்னேன். 2001 சட்டமன்றத் தேர்தலில் திருமாவளவன் மங்களூரில் ஜெயித்தார், தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில். ஜெயித்துச் சட்டமன்றம் போனார். ஆனால் அடுத்தவர் சின்னத்தில் ஜெயித்தவர் சட்டப்படி அந்தக் கட்சியின் உறுப்பினர். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படி. அந்தக் கட்சிக் கொறடா கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். 2004இல் அந்தப் பதவியை அவர் விட்டார். அதே ஆண்டு சிதம்பரத்தில் மூன்றாவது அணியாக நின்று இரண்டாமிடம் வந்தார். 2009இல் தி.மு.க. கூட்டணியில், நட்சத்திரச் சின்னத்தில் வென்றார். 2014இல் அதே கூட்டணியில் அ.தி.மு.க.விடம் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். 2016 சட்டமன்றத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணி சார்பில் காட்டுமன்னார்கோவிலில் நின்று 87 ஓட்டில் தோற்றார். எண்பத்தேழு. ஒரு தெரு ஓட்டு. 2019இல் பானைச் சின்னத்தில் 3,219 ஓட்டில் வெற்றி. 2024இல் அதே பானையில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வெற்றி.

இந்தப் பட்டியலை ஏன் ஒப்பிக்கிறேன்? ஒரே ஆள், பெரும்பாலும் அதே மக்கள். முடிவு மட்டும் மாறி மாறி வருகிறது. நம்ம ஓட்டு கூடிக் குறைந்ததால் மட்டும் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. யாரோடு சேர்ந்தோம், எதிரில் எத்தனை அணி நின்றது, ஊர் ஓட்டு எப்படிப் பிரிந்தது, இதெல்லாம் சேர்ந்த கணக்கு. அதிக ஓட்டு வாங்கியவர் ஒருவரே ஜெயிப்பார், மீதி ஓட்டு அத்தனையும் வீண் என்கிற முறையில், மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கிற இருபது சதவீதம் தனியாக நின்றால் ஒரு தொகுதிகூடக் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் கூட்டணி. கூட்டணி வைப்பதே துரோகம் என்று சொல்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது: எண்பத்தேழை நினைச்சுக்கோ. கூட்டணிதான் விடுதலை என்று சொல்கிற அண்ணன்களுக்கு நான் சொல்வது: உதயசூரியனை நினைச்சுக்கோங்க.

சின்னம் என்பது சாதாரண விசயம் இல்லை. 1968 சின்ன ஆணைப்படி, அங்கீகாரம் இல்லாத கட்சி ஒவ்வொரு தேர்தலுக்கும் சின்னத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலில் 25 இடத்துக்கு ஒன்று வீதம் ஜெயித்தால் மாநிலக் கட்சி. 25க்கு மேல் மிச்சம் இருந்தால் அதுக்கும் ஒன்று. 39 தொகுதி உள்ள தமிழ்நாட்டுக்கு இரண்டு. 2024இல் சிதம்பரமும் விழுப்புரமும் பானையில் ஜெயித்த பிறகுதான் அந்த அங்கீகாரம் வந்தது. 1999இலிருந்து கணக்குப் போட்டால் இருபத்தைந்து வருசம். அதற்கு முன்னால் 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆறு இடத்தில் நின்று நாலில் ஜெயித்தார்களே, அதில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத்தொகுதி. என்னைக் கேட்டால் அந்த ரெண்டுதான் பெரிய செய்தி. தனித்தொகுதியில் ஊர் நமக்குப் போட்டது வேறு வழியில்லாமல். பொதுத்தொகுதியில் வழி இருந்தும் போட்டார்கள்.

இதெல்லாம் மேலே நடப்பது. இனிமேல் கீழே வருகிறேன், என் பெஞ்சுக்கு.

1999க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல இடங்களில் ‘சேரிக்குள்ளேயே சாவடி வை’ என்று கேட்டு வாங்கினோம். ஊர்த்தெருவைத் தாண்டிப் போய் அடி வாங்க வேண்டாமே. அது நியாயமான கோரிக்கை. உயிர் காப்பாற்றிய கோரிக்கை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

காகிதச் சீட்டு இருந்த காலத்தில், மிரட்டலும் பழிவாங்கலும் நடக்கும் என்று ஆணையம் நினைத்தால், பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து எல்லா இடத்திலும் இயந்திரம். ஒவ்வொரு சாவடி இயந்திரமாகத் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணி, சாவடிவாரியாக எழுதுகிறார்கள். அந்தத் தாள் வெளியே வருகிறது. சேரிக்கென்று ஒரு சாவடி இருந்தால், சேரி யாருக்குப் போட்டது என்று அன்று சாயந்திரமே ஊருக்குத் தெரியும்.

2019 முடிவு வந்த மறுவாரம் தம்பியைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் ஒருவர், பேர் வேண்டாம், சத்தமாகவே சொன்னார்: “உங்க தெரு மொத்தமும் பானைக்குத்தான் குத்தியிருக்கு. சரி சரி. நடவுக்கு யாரக் கூப்பிடணும், யாரக் கூப்பிடக் கூடாதுன்னு எங்களுக்கும் தெரியும்.” அந்தப் பருவம் வேறு ஊரிலிருந்து ஆள் வண்டியில் வந்து இறங்கினார்கள். எங்கள் பெண்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை இந்த மேடையில் சொல்லாமல் போனால் நான் பொய்யன். அதே வாரம் எங்கள் தெருப் பையன்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். “நம்ம சாவடியில பதினாலு ஓட்டு பானைக்கு விழல. எவன் அந்தப் பதினாலு?” வீடு வீடாக விரல் நீட்டினார்கள். எங்க சின்னம்மா வீட்டு வாசலிலும் வந்து நின்றார்கள். அவங்க யாருக்குப் போட்டாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஊர் மிரட்டினால் அது சாதி ஆதிக்கம், நாம் மிரட்டினால் அது ஒற்றுமையா? யாருக்கும் பயப்படாமல் ஓட்டுப் போட வேண்டும் என்றுதானே அம்மா நல்ல சேலை கட்டிக் கொண்டு வந்தார்கள்?

இதற்கு மருந்து இருக்கிறது. பல இயந்திரங்களின் ஓட்டை ஒன்றாகச் சேர்த்து மொத்தக் கூட்டல் மட்டும் காட்டுகிற கருவி இருக்கிறது. டோட்டலைசர் என்கிறார்கள். 2008லேயே தேர்தல் ஆணையம் கேட்டது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரை செய்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எந்தச் சாவடியில் யார் போட்டார்கள் என்று தெரிந்தால்தானே எங்கே காசு கொடுப்பது, எங்கே ரோடு போடாமல் விடுவது என்று கணக்குப் பார்க்கலாம்! நம்ம கட்சிகளின் கோரிக்கைப் பட்டியலிலும் இது முன்வரிசையில் இல்லை. ஏன் என்று நாம் கேட்க வேண்டும்.

கடைசியாக ஊராட்சி. 1996இல் புதிய சட்டப்படி ஊராட்சித் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்தில் மேலவளவு தனி ஊராட்சி. நிற்கக்கூடாது என்று மிரட்டல். நின்று ஜெயித்த முருகேசனையும் கூட இருந்த அய்ந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருசம் தலைவரே உட்கார விடவில்லை. 2006இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. அது மதுரைப் பக்கம் என்று நாம் நினைத்துக் கொண்டோம். 2020இல் நம்ம கடலூர் மாவட்டத்திலேயே, தெற்குத்திட்டை ஊராட்சியில், தலைவராக ஜெயித்த தலித் பெண்ணை ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் நாற்காலியில். படம் வெளியே வந்த பிறகுதான் வன்கொடுமை வழக்கு. மேலவளவில் நாற்காலிக்கு உயிர் போனது. தெற்குத்திட்டையில் உயிர் இருக்கிறது, நாற்காலி இல்லை. ஓட்டு எண்ணி முடித்ததோடு தேர்தல் முடியவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியென்றால் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று விசயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. ஒவ்வொரு சேரியிலும் ரெண்டு பையன், ரெண்டு பெண்பிள்ளை சாவடி விதிகளைப் படித்து வைத்திருக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிந்ததும் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதிய 17சி படிவத்தின் நகல் முகவருக்கு உரிமை. கேட்டு வாங்க வேண்டும். ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் போனது அவர்களுக்குத் தெரியட்டும்.

இரண்டு. சேர்த்து எண்ணு என்று கேட்போம். நம்ம கட்சியிடமும் கேட்போம், கூட்டணிக் கட்சியிடமும் கேட்போம்.

மூன்று. புனாவில் பறிபோன அந்த முதல் சுற்றை நாமே நடத்தலாமே! அதற்குச் சட்டம் தேவையில்லை, ஆணையம் தேவையில்லை. கூட்டணி பேசப் போவதற்கு முன்னால் நம்ம இயக்கங்கள் அந்தத் தொகுதிச் சேரி மக்களைக் கூட்டி, நாலு பேரை நிறுத்தி, ரகசியமாகச் சீட்டுப் போட வைக்கட்டும். அந்த நாலு பேரில் ஒருவர்தான் வேட்பாளர் என்று சொல்லட்டும். ‘தலைவர் முடிவு செய்வார்’ என்ற வார்த்தையை நாமும் விட வேண்டும். ஊர்க் கட்சிகள் நம் வேட்பாளரைத் தங்கள் வசதிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று குற்றம் சொல்கிற நாம், நம் மக்களைக் கேட்காமல் வேட்பாளரை அறிவித்தால் அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நெய்வேலியில் சங்கத்துக்கு ரகசிய ஓட்டு வேண்டும் என்று கேட்கிற தொழிலாளிகள் இதைத் தொடங்கி வைக்கலாம். நமக்குப் பழக்கமான வேலைதான்.

2009இல் அம்மா ஓட்டுப் போட்டார்கள். சேரிச் சாவடியில், முதல் ஆளாக. போட்டுவிட்டு வெளியே வந்து மையைக் காட்டினார்கள். யாருக்குப் போட்ட என்று நான் கேட்டேன். “அத ஏன் ஒன்கிட்ட சொல்லணும்?” என்றார்கள்.

அதுதான் தோழர்களே, எனக்குத் தெரிந்த சனநாயகம்.